ஸ்டென்ட்: சித்தப்பாவுக்கு அவசரம், மாமாவுக்கு அவசரமில்லை

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கு இதயத்தில் அடைப்பு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

சித்தப்பாவுக்கு விடியக்காலை, படகு கரை சேர்ந்து மீனை அள்ளிக்கொண்டிருந்தபோதே நெஞ்சை அடைத்து வேர்த்துக் கொட்டியது. ஈசிஜியில் மாரடைப்பு. இந்த நிலையில் ஆஞ்சியோபிளாஸ்டிதான் (அடைத்த இதய ரத்தக்குழாயைப் பலூனால் விரித்து, திறந்தே இருக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாயை உள்ளே வைப்பது) சிறந்த வைத்தியம், ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். எங்களுக்கு மதுரை 150 கிலோமீட்டருக்கு மேல். அதனால் அரசு மருத்துவமனையில் முதலில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டு, 108-ல் ஏற்றி மதுரைக்கு அனுப்பினார்கள். மறுநாள் ஸ்டென்ட், முதல்வர் காப்பீட்டு அட்டையில். அவரைக் காப்பாற்றியதில் பாதிப் பங்கு அந்த ஊசிக்குத்தான் என்பேன்.

மாமா விஷயம் வேறு. வேகமாக நடந்தால் நெஞ்சு இறுகும், நின்றால் சரியாகிவிடும், மாதக்கணக்காக அப்படியேதான். ஒரு தனியார் மருத்துவமனையில் "நாளைக்கே ஸ்டென்ட் வைக்கணும், இல்லைனா உயிருக்கு உத்தரவாதம் இல்லை" என்று சொல்ல, அத்தை அங்கேயே வளையலைக் கழற்றிவிட்டார். அப்புறம் இன்னொரு இதய டாக்டரிடம் காட்டினோம். அவர் நிதானமாக விளக்கினார்: இப்படி நிலையாக இருக்கும் வலிக்கு ஸ்டென்ட் வலியைக் குறைக்கும், ஆனால் நல்ல மாத்திரைகளைவிட ஆயுளைக் கூட்டுவதில்லை. 2007-ல் வந்த கரேஜ் ஆய்வும் 2019-ல் வெளியான இஸ்கீமியா ஆய்வும் இதையே சொல்கின்றன. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் இடது முதன்மைக் குழாயில் அடைப்பு, பலவீனமான இதயம், மாத்திரைக்கு அடங்காத வலி இதெல்லாம் தனிக் கணக்கு. மாமா மாத்திரையில்தான் இருக்கிறார், சந்தைக்கு நடந்தே போகிறார்.

லட்சத்துக்கு மேல் விற்ற மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017-ல் மத்திய அரசு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தது, பெரிய விஷயம். ஆனாலும் அறை, டாக்டர் கட்டணம் என்று பில் ஏறத்தான் செய்கிறது. வைத்த பிறகும் ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகளைப் பெரும்பாலும் ஒரு வருஷம் விடாமல் போட வேண்டும், நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே கட்டி வரலாம். சித்தப்பா அதை ஒரு டப்பாவில் போட்டு, உப்புத்தண்ணீர் படாமல் பாலித்தீனில் சுற்றித்தான் கடலுக்குக் கொண்டுபோகிறார்.

2023-லிருந்து தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நெஞ்சுவலிக்கு முதல் மாத்திரைகள் தருகிறார்கள். நல்ல திட்டம். அதோடு கரையோர அரசு மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் ராத்திரியிலும் ஈசிஜி பார்க்க ஆளும் அந்த ஊசியும் இருக்க வேண்டும், தேவையில்லாத ஸ்டென்டுக்குப் போகும் காப்பீட்டுப் பணத்தை அதற்குத் திருப்பலாம். மண்டபம், தொண்டி, சாயல்குடி பக்கம் ராத்திரியில் நெஞ்சுவலி என்று ஓடியவர்கள், ஊசி எங்கே, எவ்வளவு நேரத்தில் கிடைத்தது என்று எழுதுங்கள்.