பழுதான கன்சோலை மன்னித்தவர்கள் ஓர் அறிவிப்பை ஏன் மன்னிக்கவில்லை?

கேள்வி:
மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல்கள் (வீட்டுத் தொலைக்காட்சியில் வீடியோ விளையாட்டு ஆடும் கருவிகள்) முகப்பில் சிவப்பு விளக்குகள் மின்ன, திடீரென்று செயலிழந்துபோன காலம் பலருக்கு நினைவிருக்கும். அத்தனை பழுதுக்குப் பிறகும் வாடிக்கையாளர்களிடம் அதற்கு நற்பெயர் மிஞ்சியது. 2013இல் அதற்கு அடுத்த கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன்னோ, கடைக்கு வருவதற்கு முன்பே, வெறும் அறிவிப்பினாலேயே வெறுப்பைச் சம்பாதித்துக்கொண்டது. இந்த வேறுபாட்டுக்கு என்ன காரணம்?

மறுமொழி 1:
பழுதின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதைத்தான் வாங்கியவர் பார்க்கிறார். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட், அந்தக் குறிப்பிட்ட பழுதுக்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்ததோடு, அதற்கு முன்பே பணம் கட்டிச் சரிசெய்துகொண்டவர்களுக்கும் அத்தொகையைத் திருப்பித் தருவதாக அறிவித்து, இதற்கென 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. (பழுதை ஒப்புக்கொள்ளவே நெடுநாள் இழுத்தடித்தார்கள் என்பது வேறு கதை.) 2013இல் சிக்கல் கருவியில் இல்லை, அதோடு அறிவித்த விதிகளில் இருந்தது. கன்சோல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தோடு தொடர்புகொண்டாக வேண்டும் என்றார்கள். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டை நண்பருக்குக் கொடுப்பதானால் அவர் 30 நாளாவது உங்கள் நண்பர் பட்டியலில் இருந்திருக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறைதான் கைமாற்றலாம் என்றார்கள். இணைய வசதி இல்லாதவர்களுக்குத்தான் எக்ஸ்பாக்ஸ் 360 இருக்கிறதே என்று எக்ஸ்பாக்ஸ் பிரிவின் அன்றைய தலைவர் டான் மேட்ரிக் சொன்னது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது.

மறுமொழி 2:
விலையை ஒதுக்கிவிட்டு இதைப் பேச முடியாது. அன்று எக்ஸ்பாக்ஸ் ஒன்னின் விலை 499 டாலர்; அதன் போட்டியான சோனியின் ‘பிளேஸ்டேஷன் 4’ கன்சோலின் விலை 399 டாலர். பலரும் விரும்பாத, உடலசைவையும் குரலையும் உணரும் கினெக்ட் கருவியை வேறு சேர்த்தே வாங்க வேண்டியிருந்தது. ஜூன் 19 அன்று அந்த விதிகளை மைக்ரோசாஃப்ட் கைவிட்டபோதும் விலை அப்படியேதான் நின்றது.

மறுமொழி 3:
விலை முக்கியம்தான்; ஆனால் விலையைக் குறைத்தாலே நல்ல பெயர் வந்துவிடாது, முதலில் வாங்கியவர் ஏமாந்தவராக நிற்பார். 2011இல் 3டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோல் வெளிவந்து ஆறு மாதம் ஆவதற்குள் அமெரிக்காவில் அதன் விலையை 249.99 டாலரிலிருந்து 169.99 டாலராகக் குறைத்த நிண்டெண்டோ, முன்பே வாங்கியிருந்தவர்களுக்கு 20 பழைய விளையாட்டுகளை இலவசமாகத் தந்தது. சோனியையும் உத்தமராக்கிவிட வேண்டாம். பிளேஸ்டேஷன் 3இல் லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்றுவிட்டு, 2010 ஏப்ரலில் ஒரு புதுப்பிப்பின் வழியே அந்த வசதியைப் பறித்தது. புதுப்பிக்க மறுத்தவர்களுக்கு இணைய விளையாட்டு கிடைக்காமல் போனது. நிண்டெண்டோ செய்தது இதற்கு நேர்மாறு. அந்த 20இல் பத்து, அதன் பழைய கையடக்கக் கன்சோலான கேம்பாய் அட்வான்ஸின் விளையாட்டுகள். அவற்றைப் பின்னர் 3டிஎஸ்ஸில் வேறு எவருக்கும் அது விற்கவே இல்லை.