புதுப்பிப்பு: ஹனோயில் நான் விரும்பிச் சாப்பிடும் இடங்கள்

வியட்நாமின் தலைநகரான ஹனோயில் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடைகளைப் பற்றிச் சில மாதங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அதற்கு ஒரு திருத்தமும், சைவ உணவு மட்டும் உண்பவர்கள் என்ன செய்வது என்று பலர் கேட்டதற்கான பதிலும் இங்கே.

புன் சா சாப்பிட மாலையில் போகச் சொன்னது என் தவறு. கரியடுப்பில் சுட்ட பன்றி இறைச்சியை, மீன் சாஸ் கலந்த இனிப்பும் புளிப்புமான சாற்றில் மிதக்கவிட்டு, இடியாப்பம் போன்ற அரிசி நூடுல்ஸோடும் ஒரு தட்டுப் பச்சிலைகளோடும் தரும் அந்த உணவு, ஹனோய்க்காரர்களுக்கு அடிப்படையில் மதியச் சாப்பாடு. 2016-இல் ஒபாமா சாப்பிட்ட ஹுவோங் லியென் கடை மாலையிலும் திறந்திருக்கும். ஆனால், அவர் அமர்ந்த மேசையைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருப்பதைப் பார்க்கவே பாதிக் கூட்டம் வருகிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பாட் தான் தெரு 49-ஆம் எண் ஃபோ (அரிசி நூடுல்ஸ் சூப்) கடைக்கே இன்னும் என் முதலிடம். வரிசையில் நின்று, பணத்தை முதலில் கொடுத்து, கொதிக்கும் கிண்ணத்தை நாமே மேசைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

சைவ உணவு மட்டும் உண்பவர்கள் 'சாய்' (chay) என்று எழுதிய கடைகளைத் தேடுங்கள். அது தேநீர் அல்ல, பௌத்தர்களின் சைவ உணவு. சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அங்கே இடம் கிடைப்பது கடினம். மற்ற கடைகளில் வதக்கிய கீரையில்கூட மீன் சாஸ் இருக்கக்கூடும் என்பதால் கேட்காமல் வாங்க வேண்டாம்.