புதுப்பிப்பு: கேம்பர் வேனில் நல்லார்பாரைக் கடந்தாயிற்று

தெற்கு ஆஸ்திரேலியாவின் செடூனா ஊரிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் நார்ஸ்மன் ஊர் வரை, நல்லார்பார் என்ற வறண்ட சமவெளி வழியாகச் சாதாரண கேம்பர் வேனில் (படுத்து, சமைத்துப் பயணிக்கும் வேன்) போக முடியுமா என்று கேட்டிருந்தேன். தாராளமாகப் போகலாம். ஏறத்தாழ 1,200 கி.மீ., முழுக்கத் தார்ச்சாலை.

தண்ணீர்தான் முக்கியம். ரோட்ஹவுஸ்களில் (வழியோர எரிபொருள், உணவு நிலையங்கள்) டீசல் கிடைக்கும், விலை அதிகம். ஆனால் தொட்டியை நிரப்பத் தண்ணீர் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், செடூனாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பழம், காய்கறி, தேன் எல்லாம் மேற்கு ஆஸ்திரேலிய எல்லைச் சோதனையில் போய்விடும். அதற்குமுன் சமைத்துச் சாப்பிட்டுவிடுவது நல்லது. இருட்டிய பிறகு ஓட்டவே ஓட்டாதீர்கள், கங்காருக்கள் சாலைக்கு வந்துவிடும்.

அப்புறம், வழியில் ஹெட் ஆஃப் பைட் என்ற திமிங்கிலம் பார்க்கும் கடற்கரை இடத்தைத் தவறவிடாதீர்கள். ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடையே போனால் தாய்த் திமிங்கிலமும் குட்டியும் கரையை ஒட்டியே மிதக்கும். எங்களுக்குக் கிளம்பவே மனம் வரவில்லை. அடுத்து நார்ஸ்மனுக்குத் தெற்கே கடலோர ஊரான எஸ்பரன்ஸ் பக்கம் இறங்குகிறோம்.