பிங் போகிறது, ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை: உபுண்டு 22.04

செல்வி_தென்காசி
கடையில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் பார்க்கிறோம். இரண்டு கணினி, இரண்டிலும் உபுண்டு, ஒரே ரூட்டர். ஒன்று நன்றாக ஓடுகிறது. மற்றதில் இன்று காலையிலிருந்து எந்தத் தளமும் திறக்கவில்லை. கேபிளை மாற்றிப் போட்டேன், அதேதான். ஆனால் கூகுள் சர்வரின் எண்ணான 8.8.8.8-க்கு பிங் அடித்தால் (தொடர்பு இருக்கிறதா என்று சோதித்தால்) பதில் வருகிறது. தெரிந்தவர் ஒருவர் ஃபார்மட் அடிக்கச் சொல்கிறார். வேறு வழி உண்டா?

முத்து_லினக்ஸ்
ஃபார்மட் வேண்டாங்க, தயவுசெய்து. எண்ணுக்குப் பதில் வந்தால் கேபிள், ரூட்டர், வெளி லைன் எல்லாம் சரி. தளத்தின் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்தான் நின்றிருக்கும். உபுண்டுவில் அதைப் பார்த்துக்கொள்வது சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற சர்வீஸ். டெர்மினலில் அதற்கு 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கொடுங்கள், இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜருக்கும் கொடுங்கள். வருவதை அப்படியே இங்கே போடுங்கள்.

செல்வி_தென்காசி
நெட்வொர்க்மேனேஜர் பச்சையில் 'ஆக்டிவ்'. ரிசால்வ்டு 'இன்ஆக்டிவ்', அதற்கு மேல் வரியில் 'டிசேபிள்டு'. நேற்று ராத்திரி தம்பி விளம்பரத்தைத் தடுக்க ஏதோ மென்பொருள் போட்டு, பிடிக்காமல் எடுத்துவிட்டான். அதனாலா அண்ணா?

முத்து_லினக்ஸ்
அதேதான். அந்த வகை மென்பொருளுக்கு 53ஆம் போர்ட், அதாவது டிஎன்எஸ் கேள்விகள் வரும் வாசல், வேண்டும். அங்கே ஏற்கெனவே ரிசால்வ்டு இருப்பதால் அதை நிறுத்தச் சொல்வார்கள். மென்பொருளை எடுத்தாலும் நிறுத்தியது தானாகத் திரும்பாது. இப்போது வெறும் 'ஸ்டார்ட்' கொடுத்தால் இன்றைக்கு ஓடும், நாளை கணினியைப் போட்டதும் மறுபடி நிற்கும். 'ஆக்டிவ்' என்பது இப்போதைய நிலை. 'எனேபிள்டு' இருந்தால்தான் ஒவ்வொரு முறையும் தானாக எழும். அதனால் சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு 'எனேபிள்', அப்புறம் 'ஸ்டார்ட்', இரண்டும் கொடுங்கள். ஈடிசி ஃபோல்டருக்குள் இருக்கும் 'ரிசால்வ் டாட் கான்ஃப்' கோப்பில் 127.0.0.53 (ரிசால்வ்டு கேட்கும் முகவரி) இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த மென்பொருள் அதையும் மாற்றியிருக்கலாம்.

பாளை_கணேஷ்
ஸ்டேட்டஸ் பச்சையாக வந்ததும் விட்டுவிடாதீர்கள். 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் டிஎன்எஸ் சர்வர் எண் தெரியும். அது காலியாக இருந்தால் சர்வீஸ் ஓடியும் பயனில்லை.

செல்வி_தென்காசி
திறந்துவிட்டது! கோப்பில் 127.0.0.53தான் இருக்கிறது. சர்வர் இடத்தில் ரூட்டரின் 192.168.1.1 வருகிறது. ரீபூட் செய்தும் பார்த்தேன், ஓடுகிறது. இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வருமானச் சான்றிதழுக்கு ஒரு அம்மா காத்திருக்கிறார், முடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்.