தமிழ்நாட்டுத் தேர்தல் முடிவுகள்: தொகுதிவாரி, பூத்வாரி தரவு எங்கே எடுப்பது?

அனிச்சம்:
வணக்கம். தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தேர்தல்களில் கட்சிகளின் வாக்கு விகிதம் தொகுதிவாரியாக எப்படி மாறி வந்திருக்கிறது என்று முதுகலை ஆய்வுக்காகப் பார்க்கிறேன். 1952 முதல் இன்றுவரை இலவசமாகக் கிடைக்கும் தரவு வேண்டும். அண்மைத் தேர்தல்களுக்குப் பூத்வாரி எண்களும் கிடைத்தால் நல்லது. எக்செல் தெரியும், ஆர் நிரல்மொழி ஓரளவு வரும். எங்கிருந்து தொடங்கலாம்?

காவிரிக்கரை:
தொகுதிவாரி என்றால் முதலில் அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் நடத்தும் 'லோக் தாபா'வுக்குப் போங்கள். 1962 முதல் எல்லா வேட்பாளர்களும் இருக்கிறார்கள். மாநிலத்தையும் தேர்தலையும் தேர்ந்தெடுத்தால் சிஎஸ்வி கோப்பாகவே இறங்கிவிடும். 1952, 1957 இரண்டுக்கும் தேர்தல் ஆணையத் தளத்தில் உள்ள புள்ளிவிவர அறிக்கை பிடிஎஃப்தான் வழி.

அந்த இரண்டு தேர்தல்களையும் மற்றவற்றோடு ஒரே அட்டவணையில் சேர்க்காதீர்கள். 1952இல் சென்னை மாநிலத்துக்கு 375 இடங்கள்; ஆந்திரப் பகுதியும் மலபாரும் அதற்குள் அடங்கும். 1957இல் 205 இடங்கள், ஆனால் தொகுதிகள் 167தான். 38 தொகுதிகளில் இரண்டிரண்டு உறுப்பினர்கள், அங்கே ஒரு வாக்காளருக்கு இரண்டு வாக்கு. வாக்குகளைக் கூட்டி வாக்காளர் எண்ணிக்கையால் வகுத்தால் வாக்குப்பதிவு நூறு சதவீதத்தையே தாண்டக்கூடும்.

அடுத்தது தொகுதி மறுவரையறை. 1977இல் ஒரு வரைபடம் நடைமுறைக்கு வந்தது, 2009 மக்களவைத் தேர்தலில் இன்னொன்று. 234 என்ற எண் மாறவில்லை, எல்லைகள் மாறின. புரசைவாக்கம், பார்க் டவுன் மறைந்தன. கொளத்தூர், வேளச்சேரி புதிதாக வந்தன. பெயர் மாறாத தொகுதியிலும் உள்ளே இருக்கும் ஊர்கள் மாறியிருக்கும். அதனால் 2006ஐயும் 2011ஐயும் பெயரை வைத்து இணைத்து "இத்தனை சதவீதம் சரிந்தது" என்று எழுதினால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. லோக் தாபாவில் மறுவரையறைக்கென்று ஒரு பத்தி (நெடுவரிசை) இருக்கிறது; அதன் மதிப்பு ஒன்றாக உள்ள தேர்தல்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

என் யோசனை: ஆய்வின் மையத்தை 2009க்குப் பிறகு வையுங்கள். 2011, 2016, 2021 சட்டமன்றத் தேர்தல்களும் 2009, 2014, 2019, 2024 மக்களவைத் தேர்தல்களும் ஒரே எல்லையில் நடந்தவை. ஒவ்வொரு மக்களவைத் தொகுதிக்கும் ஆறு சட்டமன்றப் பகுதிகள், 39 × 6 = 234. ஆக, மாறாத 234 அலகுகளில் ஏழு தேர்தல்கள் கையில் இருக்கின்றன. இப்படி ஒரு வரிசை எளிதில் அமையாது. 1962 முதலான நீண்ட காலத்துக்கு மாநில மொத்தமும் வட்டார மொத்தமும் போதும்.

இணைக்கும்போது தொகுதிப் பெயரைத் தொடாதீர்கள். ஆங்கில எழுத்துக்கூட்டல் கோப்புக்குக் கோப்பு வேறு, தனித்தொகுதி என்ற குறிப்பும் சில இடங்களில் பெயரோடு ஒட்டியிருக்கும். 1 கும்மிடிப்பூண்டி முதல் 234 கிள்ளியூர் வரை ஆணையம் கொடுத்த எண்தான் உங்கள் சாவி.

படிவம்இருபது:
பூத்வாரிக்கு நீங்கள் தேட வேண்டியது 'படிவம் 20', இறுதி முடிவுத் தாள். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் தேர்தல்வாரியாக, தொகுதிக்கு ஒரு பிடிஎஃப் என்று போட்டிருக்கிறார்கள்.

முதலில் பிடிஎஃபில் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்துப் பாருங்கள். நகலானால் டேபுலா (பிடிஎஃப் அட்டவணையைப் பிரித்தெடுக்கும் மென்பொருள்) போதும். ஆகவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம். 300 டிபிஐ படமாக மாற்றி, சாய்வை நேராக்கி, படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் மென்பொருளில் எண்களை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். வேட்பாளர் பெயர்கள் தலைப்பில் செங்குத்தாக இருக்கும், அவற்றைக் கையால் தட்டச்சு செய்வதே வேகம். வேட்பாளர்கள் அதிகமான தொகுதியில் ஒரே பூத்தின் வரிசை பல பக்கங்களுக்கு ஓடும். 2021இல் கரூரில் 77 பேர். பக்கங்களைப் பூத் எண்ணை வைத்துத்தான் ஒட்ட வேண்டும், வரிசை எண்ணை வைத்து அல்ல.

பிறகு இரண்டு சோதனை: ஒவ்வொரு பூத்திலும் வேட்பாளர் வாக்குகளின் கூட்டல், 'செல்லும் வாக்குகள்' பத்தியோடு ஒத்துப்போகிறதா? ஒவ்வொரு வேட்பாளரின் கூட்டல் கடைசிப் பக்க மொத்தத்தோடு ஒத்துப்போகிறதா? 1ஐ 7 என்றும் 3ஐ 8 என்றும் படித்த பிழைகள் பெரும்பாலும் இதில் சிக்கிவிடும்.

எங்கே இடறும் என்றால்:

தபால் வாக்குக்குப் பூத் கிடையாது, கடைசியில் தனி வரிசை. மக்களவைத் தேர்தலில் அது சட்டமன்றப் பகுதிக்குக்கூடப் பிரியாது. முழு மக்களவைத் தொகுதிக்கும் ஒரே எண். ஆறு பகுதிகளின் கூட்டல் அறிவித்த மொத்தத்துக்குக் குறைந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

ஒரு பூத்துக்கு எல்லாமே பூஜ்யம் என்றிருந்தால் படித்ததில் பிழை என்று அழித்துவிடாதீர்கள். வாக்குப்பதிவு தொடங்கும் முன் சோதனைக்காகப் போட்ட மாதிரி வாக்குகளை அழிக்காமல் விட்ட இயந்திரத்தை ஒதுக்கி வைப்பார்கள். வெற்றி வித்தியாசம் அந்த இயந்திரத்தில் பதிவான வாக்குகளைவிடப் பெரிதாக இருந்தால் எண்ணாமலே முடிவை அறிவிப்பார்கள்.

பூத் எண் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். 2021இல் கொரோனாவால் ஆயிரம் வாக்காளருக்கு மேல் இருந்த பூத்களைப் பிரித்ததில், எண்ணுக்குப் பின் எழுத்து சேர்ந்த துணை பூத்கள் ஏராளம். அமைவிடத்தின் பெயரை, அதாவது பள்ளிக்கூடத்தை வைத்துத் தொகுத்தால்தான் 2016ஓடு ஒப்பிட முடியும்.

பதிவு சதவீதம் வேண்டுமானால் பூத்தின் மொத்த வாக்காளர் எண்ணிக்கை படிவம் 20இல் இராது. வாக்காளர் பட்டியலில் அந்தப் பூத்துக்கான பாகத்தின் கடைசிப் பக்கச் சுருக்கத்தில் இருக்கும். அந்த ஒரு பக்கம் போதும். பெயர்ப் பட்டியலைச் சேமிக்காதீர்கள், அது தனி மனிதர்களின் விவரம்.

அனிச்சம்:
இருவருக்கும் மிக்க நன்றி. லோக் தாபாவில் இறக்கிவிட்டேன். இரண்டு சந்தேகம்: 2016 மே மாதத்துக்கு 232 தொகுதிகள்தான் வருகின்றன. 2021இல் திமுக 133 என்று இருக்கிறது, செய்திகளில் 125 என்றும் போட்டிருக்கிறார்கள். எது சரி?

வைகைமேடு:
இரண்டுமே சரி.

2016 மே மாதத்தில் அரவக்குறிச்சிக்கும் தஞ்சாவூருக்கும் தேர்தல் நடக்கவில்லை, நவம்பரில் நடந்தது. 2019 மக்களவையில் வேலூரும் அப்படித்தான், ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனது. 2019இல் 24 சட்டமன்ற இடைத்தேர்தல்களும் உண்டு. கோப்பில் 'போல் நம்பர்' பத்தியில் 0 என்றால் பொதுத்தேர்தல், 1 அல்லது அதற்கு மேல் என்றால் இடைத்தேர்தல். வடிகட்டாமல் கூட்டினால் ஒரே தொகுதி இரண்டு முறை சேரும்.

133 என்பது உதயசூரியனில் நின்று வென்றவர்களின் எண்ணிக்கை. அதில் 8 பேர் கூட்டணிக் கட்சியினர்: மதிமுக 4, மனிதநேய மக்கள் கட்சி 2, கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி (கொமதேக) 1, தமிழக வாழ்வுரிமைக் கட்சி 1. ஆணையம் சின்னத்தைப் பார்த்துத்தான் கட்சியை எழுதும். கூட்டணி என்ற பத்தியே ஆணையத் தரவில் இல்லை. 'உண்மைக் கட்சி', 'கூட்டணி' என்று இரண்டு பத்திகளை நீங்களே சேர்த்து, எந்த ஆதாரத்தில் நிரப்பினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். தமிழ்நாட்டில் கூட்டணியைக் கணக்கில் எடுக்காத வாக்கு விகிதம் பாதிக் கதைதான்: போட்டியிடாத இடத்தில் ஒரு கட்சிக்குப் பூஜ்யம் விழும், அதைச் சரிவு என்று படித்துவிடுவோம். போட்டியிட்ட இடங்களில் மட்டும் கிடைத்த விகிதத்தையும் பக்கத்திலேயே போடுங்கள்.

கட்சிக் குறியீட்டையும் பாருங்கள். அதிமுகவுக்குப் பழைய அறிக்கைகளில் ஏடிகே, பின்னால் ஏடிஎம்கே; 1989இல் ஜெயலலிதா அணி, ஜானகி அணி என இரண்டு தனிக் குறியீடுகள். விகிதத்தை எப்போதும் வாக்கு எண்ணிக்கையிலிருந்து நீங்களே கணக்கிடுங்கள். 2013க்குப் பிறகு நோட்டா வந்துவிட்டதால், வகுக்கும் எண்ணில் அதைச் சேர்ப்பவர்களும் உண்டு, விடுபவர்களும் உண்டு.

வேட்பாளரின் சொத்து, வழக்கு, கல்வி தேவைப்பட்டால் ஏடிஆர் (ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம்) அமைப்பின் மைநேதா தளம். மூலம், வேட்பாளர் தாக்கல் செய்யும் படிவம் 26 பிரமாணப் பத்திரம். அங்கே பெயரால் இணைக்காதீர்கள். 2024 இராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் என்ற பெயரிலேயே பல சுயேச்சைகள் நின்றார்கள்.

உள்ளாட்சி முடிவுகளை இந்திய தேர்தல் ஆணையத்தில் தேட வேண்டாம். அது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் வேலை, தளமும் வேறு.