1970 சி10 பிக்கப்: ஒரிஜினல் பட்டன் ரேடியோவையே ஓட்டலாமா, கழட்டிட்டு புளூடூத் போடலாமா?

சி10_செல்வன் (டெக்சாஸ்)
எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1970 செவ்ரோலெட் சி10, ஃபோர்ட் வொர்த் பக்கத்துல ஒரு பெரியவர்கிட்ட வாங்குனது. டேஷ்ல ஒரிஜினல் டெல்கோ கம்பெனி ஏஎம் ரேடியோ அப்படியே இருக்கு, அஞ்சு பட்டன், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு குமிழ், யாரும் ஓட்டைய பெருசா வெட்டல, கீழ ஸ்க்ரூ அடிச்சு எதையும் தொங்கவிடல, இந்த வயசு வண்டில அதுவே பெரிய விஷயம். ஆன் பண்ணா பாடுது. ஆனா சத்தம் கம்மி, ரெண்டு பட்டன் அமுக்குனா பாதிலயே நிக்குது, இஞ்சின் ஓடுறப்போ ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க கூடவே ஒரு விசில் ஏறுது. நான் இத ஷோவுக்காக வெச்சுக்க நினைக்கல, தினம் கேக்கணும். ஆபீஸ்ல சொன்னா சிரிக்கிறாங்க. இங்க என்ன சொல்றீங்க?

புளூடூத்_பிரபு
ஆபீஸ்ல சிரிக்கிறவங்க பக்கம்தான் நானும் பாஸ். ஏஎம்ல இப்ப என்ன இருக்கு சொல்லுங்க, அரசியல் கத்தல், ஜெபம், மாட்டு விலை, மூட்டுவலி மாத்திரை விளம்பரம். அதையும் டேஷ்ல இருக்குற ஒத்த ஸ்பீக்கர்ல, கண்ணாடி எறக்கிவிட்டு 65 மைல் வேகத்துல போறப்போ கேக்கணும், ஒரு வார்த்தை புரியாது. இப்ப அதே ரெண்டு குமிழ் ஓட்டைல அப்படியே உக்கார்ற மாதிரி, பாக்க பழசாவே இருக்குற புளூடூத் ரேடியோ வருது, எதையும் வெட்ட வேணாம். பழசை ஒரு டப்பால போட்டு வைங்க, வண்டி விக்கிறப்போ கூட குடுங்க. என் 72 மாடல்ல அதான் பண்ணிருக்கேன்.

வால்வு_மாமா (இண்டியானா)
செல்வன் தம்பி, அவசரப்பட்டு எதையும் கழட்டாத. அந்த ரேடியோ செஞ்ச ஊரு கொக்கோமோ, நான் இருக்குற எடத்துக்குப் பக்கம்தான், இந்த டெல்கோ செட்டுங்கள நெறைய பிரிச்சு மாட்டியிருக்கேன். நீ சொல்ற மூணு கோளாறும் தனித்தனி, மூணுமே சரி பண்ணலாம்.

மொதல்ல பட்டன். ஸ்டேஷன் செட் பண்றது எப்படின்னா பட்டன வெளிய நல்லா இழு, வலது குமிழ திருகி ஸ்டேஷன பிடி, அதே பட்டன ஒரே அழுத்தா கடைசி வரைக்கும் உள்ள தள்ளு, அவ்ளோதான். பேட்டரிய கழட்டி மாட்டுனாலும் மறக்காது ஏன்னா உள்ள மெமரின்னு ஒண்ணும் கிடையாது, எல்லாம் தகடுதான். இழுக்குறப்போ பட்டன் பின்னாடி இருக்குற சின்ன தகடு தளருது, தள்ளுறப்போ அந்த ஸ்டேஷனுக்கான சாய்மானத்துல பூட்டிக்குது, அப்புறம் எப்ப அமுக்குனாலும் அது ஒரு சட்டத்த அதே அளவுக்குத் தள்ளும், சட்டம் காயிலுக்குள்ள இருக்குற இரும்புத்தூள் கட்டைகள அதே ஆழத்துக்கு நகத்தும். பாதில நிக்குதுன்னா அம்பது வருஷத்து கிரீஸ் மெழுகா இறுகியிருக்கு. ஆல்கஹால் தொட்டு பிரஷ்ஷால தேய்ச்சு எடுத்துட்டு துளி புது கிரீஸ் வை. கண்ட ஸ்ப்ரேயையும் உள்ள அடிச்சிடாத, பட்டன் அமுக்குறப்போ குமிழ விடுவிக்க ஒரு சின்ன கிளட்ச் இருக்கு, அதுல எண்ணெய் பட்டா அப்புறம் குமிழ் வெறுமனே சுத்தும், முள்ளு நகராது.

புளூடூத்_பிரபு
மாமா சொல்றத படிக்க நல்லா இருக்கு, மறுக்கல. ஆனா இவ்ளோ வேலையும் எதுக்கு? கடைசில கேக்கப் போறது அதே மூட்டுவலி மாத்திரை. நியூயார்க்ல ஏஎம் 880ல டபிள்யூசிபிஎஸ்னு ஒரு ஸ்டேஷன் இருந்துச்சே, 1967ல இருந்து முழுநேர செய்தி, அதையே 2024 ஆகஸ்ட்ல நிறுத்திட்டாங்க. கார் கம்பெனிக்காரனும் மின்சார வண்டில ஏஎம் வேணாம், மோட்டார் இரைச்சல் தாங்கலன்னு எடுக்குறான். ஓடுற ஆறு வத்திப்போனப்புறம் பரிசலுக்கு எதுக்கு பெயிண்ட்?

கேரேஜ்_கல்பனா
பிரபு, பாதிக் கதைய சொல்லாதீங்க. ஃபோர்டு 2023ல ஏஎம்ம எடுக்கப் போறோம்னு சொல்லிட்டு அந்த வருஷம் மே மாசமே பின்வாங்குனாங்க, ஏற்கனவே இல்லாம வந்த மின்சார வண்டிங்களுக்கும் சாஃப்ட்வேர்ல சேத்துத் தர்றோம்னாங்க. எல்லா வண்டிலயும் ஏஎம் கட்டாயம் இருக்கணும்னு அமெரிக்க காங்கிரஸ்ல மசோதாவே வந்துச்சு. காரணம் பாட்டு இல்ல, புயல் வெள்ளம். 2005 கத்ரீனா நேரத்துல நியூ ஆர்லியன்ஸ் 870 டபிள்யூடபிள்யூஎல் ஸ்டேஷன் ஒலிபரப்ப நிறுத்தாம ஓடுச்சு, செல்போன் டவர் எல்லாம் படுத்த நேரம் அது. எங்கிட்ட இருக்கறது 66 ஃபோர்டு எஃப்-100, அதுலயும் பட்டன் ரேடியோதான், தினமும் கேக்குறேன்.

புளூடூத்_பிரபு
புயலுக்குன்னா கையில சுத்தி சார்ஜ் ஏத்துற சின்ன ரேடியோ ஒண்ணு வாங்கி கிளவ் பாக்ஸ்ல போடுங்க அக்கா, ஏஎம் எஃப்எம் வானிலை எல்லாம் எடுக்கும். அதுக்காக தினமும் விசில் சத்தத்தோட வேலைக்குப் போகணுமா? இன்னொண்ணு, ஃபோன் வந்தா என்ன பண்ணுவீங்க, மேப் சொல்றத எதுல கேப்பீங்க? ஒரு கையால போன புடிச்சுக்கிட்டு பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டிய ஓட்டுறது ஆபத்து இல்லையா?

கேரேஜ்_கல்பனா
போன் வந்தா எடுக்க மாட்டேன், வண்டிய நிறுத்திட்டு கூப்பிடுவேன். ஆபத்துன்னு பேச்ச எடுத்தா என் பதில் இதான்: அஞ்சு பட்டன் எங்க இருக்குன்னு விரலுக்கே தெரியும், ரோட்டுலேந்து கண்ண எடுக்காம மாத்துறேன். உங்க புது ரேடியோல புளூடூத் மாத்தறதுக்கு ஒரே குமிழ அமுக்கி, திருகி, மறுபடி அமுக்கி, ரெண்டு விரல் அகல ஸ்க்ரீன்ல எழுத்து ஓடறத படிக்கணும். வெயில்ல அது தெரியறதும் இல்ல.

புளூடூத்_பிரபு
போன்லயே பாட்டு ஓடுது அக்கா, ரேடியோவ தொடவே வேணாம். ஆனா ஸ்க்ரீன் வெயில்ல தெரியலங்கறது உண்மைதான், அத ஒத்துக்குறேன். அத மட்டும்.

ஓஹையோ_அருள்
சண்டைக்கு நடுவுல ஒரு வழி சொல்றேன். ரேடியோ வெளிய அப்படியே, பட்டன் குமிழ் எல்லாம் அதே, உள்ள இருக்குற சர்க்யூட்ட எடுத்துட்டு எஃப்எம் போர்டு வெச்சு தர்றாங்க, போன சொருகிக் கேக்க ஆக்ஸ் வயரும் வரும், முள்ளு நகர்றது பட்டன் அமுக்குறது எல்லாம் நிஜமாவே வேலை செய்யும். பின்னாடி தனி ஸ்டீரியோ ஸ்பீக்கர் போட்டுக்கலாம். இல்லன்னா சீட்டுக்கு அடில புளூடூத் ஆம்ப் ஒண்ணு ஒளிச்சு வெச்சிட்டு டேஷ்ல பழசு சும்மா இருக்கட்டும்.

வால்வு_மாமா (இண்டியானா)
சும்மா இருக்கட்டும்னா அதுக்கு பிரபு சொல்ற மாதிரி டப்பாவுலயே போடலாம் அருளு. பாடாத ரேடியோவ டேஷ்ல வெக்கிறது எனக்குப் புடிக்காது, என் கருத்து அவ்ளோதான். எஃப்எம் போர்டு மாத்துறது, செத்துப்போன செட்டுக்கு சரி. டியூனரே துரு புடிச்சுருந்தா நானே அத பண்ணச் சொல்வேன். பாடிக்கிட்டு இருக்குற செட்டோட குடல உருவுறது எதுக்கு?

செல்வா, உன் ரெண்டாவது கோளாறு, சத்தம் கம்மி. இதுக்கு ரேடியோவ பிரிக்கிறதுக்கு முன்னாடி ஏரியல பாரு. ஏஎம் செட்டுக்கு ஏரியல் கேபிளும் சர்க்யூட்டோட ஒரு பாகம் மாதிரி, கெபாசிட்டன்ஸ் கம்மியா இருக்குற தனி கேபிள் அது, யாராச்சும் நடுவுல அறுத்துட்டு டிவி கேபிளோ வேற எதுவோ போட்டிருந்தா சிக்னல் பாதி அங்கயே செத்துரும். கேபிள் சரின்னா ஏரியல் டிரிம்மர், குட்டி ஸ்க்ரூ ஒண்ணு இருக்கும், டயல்ல 1400 கிட்ட வீக்கான ஸ்டேஷன் ஒண்ண வெச்சு, ஏரியல முழுசா நீட்டி, சத்தம் எங்க கூடுதலா வருதோ அங்க விடு. ஏரியல் மாத்துனா இத மறுபடி பண்ணணும், நெறைய பேரு இது தெரியாமலேயே செட்டு போச்சுன்னு தூக்கி போட்டுருக்கான்.

சி10_செல்வன் (டெக்சாஸ்)
மாமா, கேபிள் நடுவுல கருப்பு டேப் சுத்தி ஒரு ஜாயின்ட் இருக்கு!! டேப்ப இன்னும் பிரிக்கல. விசிலுக்கு என்ன பண்றது? அப்புறம் ஸ்பீக்கர் பேப்பர் கிழிஞ்சிருக்கு, கடைல 4 ஓம்ஸ் ஸ்பீக்கர் கெடைக்குது, மாட்டலாமா?

வால்வு_மாமா (இண்டியானா)
மாட்டாத மாட்டாத. இந்த டெல்கோவுக்கு 10 ஓம்ஸ் ஸ்பீக்கர். கடைசில இருக்குற பெரிய பவர் டிரான்சிஸ்டர் ஒத்தையாளா வேலை செய்யுது, பாட்டு ஓடுனாலும் ஓடாட்டியும் ஒரு ஆம்பியருக்கு மேல இழுத்துக்கிட்டு சூடாதான் இருக்கும், பின்னாடி அலுமினியம் ரிப்பு வெச்சிருக்கறதே அதுக்குத்தான். 4 ஓம்ஸ் போட்டு சத்தமா வெச்சா அதுக்கு மேல சொமை ஏறும். ஸ்பீக்கர் இல்லாமலும் ஆன் பண்ணாத. இஞ்சின நிறுத்திட்டு ரொம்ப நேரம் பாட விட்டா பேட்டரிக்கும் நல்லதில்ல.

விசிலுக்கு ஒரு டெஸ்ட். இஞ்சின ஓடவிட்டு ஏரியல் பின்ன ரேடியோலேந்து உருவு. விசில் அப்பவும் இருந்தா பவர் வயர் வழியா வருது, போயிட்டா ஏரியல் வழியா வருது. ஆக்சிலேட்டரோட ஏறுற விசில் பெரும்பாலும் ஆல்டர்னேட்டர், பவர் வயர்ல ஃபில்ட்டர் போட்டா அடங்கும். டிக் டிக்னு வந்தா அது இக்னிஷன், கார்பன் பிளக் வயர் போடு, இக்னிஷன் காயிலோட பிளஸ் பக்கம் கண்டென்சர் ஒண்ணு வை, மைனஸ் பக்கம் வெச்சா டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் கெட்டுப் போகும், ஜாக்கிரதை. பானட்டுக்கும் பாடிக்கும் நடுவுல எர்த் பட்டை இருக்கான்னு பாரு, பெயிண்ட் அடிச்சவன் கழட்டியிருப்பான். சிகரெட் லைட்டர்ல சொருகுற மலிவு போன் சார்ஜர் இருந்தா அதையும் புடுங்கு, ஏஎம்முக்கு அத மாதிரி எமன் கிடையாது.

புளூடூத்_பிரபு
பாத்தீங்களா, ரேடியோ கேக்க போன் சார்ஜரையும் புடுங்கணுமாம். கேபிள் மாத்து, 10 ஓம்ஸ் ஸ்பீக்கர் தேடு, ஃபில்ட்டர் போடு, எர்த் பட்டை தேடு, கிரீஸ் சுரண்டு. என் ரேடியோ ஒரு சனிக்கிழமை மத்தியானத்துல மாட்டி முடிச்சேன். இலங்கை வானொலி கேட்ட நெனப்புல எல்லாரும் பேசுறீங்க, இது டெக்சாஸ்.

கேரேஜ்_கல்பனா
இலங்கை வானொலிய நான் கேட்டதே இல்ல, நான் வளந்தது ஹூஸ்டன். எனக்கு இது நெனப்பு விஷயம் இல்ல. ராத்திரி நெடுஞ்சாலைல போறப்போ டயல திருகிப் பாருங்க. பகல்ல வானத்துல கீழ் அடுக்கு ஏஎம் சிக்னல முழுங்கிருது, பொழுது சாஞ்சா அந்த அடுக்கு கரைஞ்சு போகுது, மேல் அடுக்குல பட்டு சிக்னல் நூத்துக்கணக்கான மைல் தள்ளி எறங்குது. செயின்ட் லூயிஸ் 1120, டென்வர் 850, நாஷ்வில் 650 டபிள்யூஎஸ்எம். அந்த 650ல 1925ல ஆரம்பிச்ச கிராண்ட் ஓலே ஆப்ரிங்கற கன்ட்ரி பாட்டு நிகழ்ச்சி இன்னிக்கும் சனிக்கிழமை ராத்திரி வருது. இதே சத்தத்துக்குத்தான் இந்த ரேடியோவ செஞ்சாங்க, இந்த வண்டிய செஞ்ச காலத்துலயும் அதே ஸ்டேஷன் அதே நம்பர்ல இருந்துச்சு. உங்க போன்லயும் அந்த நிகழ்ச்சி கேக்கலாம், சுத்தமா கேக்கும், தெரியும். அலை ஏறி எறங்கி வர்றது வேற.

புளூடூத்_பிரபு
ஏறி எறங்கி வர்றதுக்கு பேரு கோளாறு அக்கா 😀 சரி, உங்களுக்குப் புடிச்சிருக்கு, கேளுங்க. நான் சொல்றது செல்வனுக்கு. அவருக்கு வீட்டுல சின்னப் பசங்க இருந்தா, அவங்க பின்னாடி... சாரி இதுல பின் சீட்டே இல்ல, பக்கத்துல உக்காந்து அவங்க பாட்டு கேப்பாங்களா, ஏஎம்ல சோள விலை கேப்பாங்களா?

ஓஹையோ_அருள்
அதுக்கு பேட்டரில ஓடுற புளூடூத் ஸ்பீக்கர் ஒண்ண சீட்டுல வெச்சா முடிஞ்சுது, ரேடியோவையே தொட வேணாம். நான் சொன்ன போர்டு ஐடியாவ விட அது சுலபம்னு இப்பதான் தோணுது. இன்னொண்ணு செல்வன், பழைய டயல் 1600லயே முடிஞ்சிரும், 1610க்கு மேல 1700 வரைக்கும் இருக்குறது பின்னாடி சேத்தது, அங்க உங்க ஊர் ஸ்டேஷன் எதாச்சும் இருந்தா இந்த ரேடியோல வராது, மொதல்லயே பாத்துக்கோங்க.

சி10_செல்வன் (டெக்சாஸ்)
ஏரியல உருவிப் பாத்தேன், விசில் அப்படியே இருக்கு, அப்ப பவர் வயர்தான், ஃபில்ட்டர் ஆர்டர் போட்டாச்சு. கேபிள் டேப்ப பிரிச்சா உள்ள டிவி கேபிளேதான் மாமா, வெள்ளை கலர். புது ஏரியல் கேபிளோட சேத்தே வாங்கிடுறேன். பிரபு சொன்னது ஒண்ணு நியாயம், ஹைவேல கண்ணாடி எறக்குனா கேக்காது, ஆனா நான் ஹைவேல போறதே கம்மி, ஆபீஸுக்கு உள் ரோடுதான். பட்டன் அஞ்சுக்கும் லிஸ்ட் போட்டேன்: 650, 820, 870, 1080, 1200. டேஷ வெட்டப் போறதில்ல, குடல உருவப் போறதும் இல்ல.

புளூடூத்_பிரபு
650ம் 870ம் பகல்ல உங்க ஊர்ல ஒழுங்கா வராது, ரெண்டு பட்டன் ராத்திரி வரைக்கும் சும்மா. அத லோக்கல் ஸ்டேஷனுக்கு வெச்சுக்கோங்க, ஏஎம்தான் கேப்பேன்னா அதையாவது ஒழுங்கா கேளுங்க.

வால்வு_மாமா (இண்டியானா)
அட, பிரபு பட்டன் செட் பண்ண யோசனை சொல்ற அளவுக்கு வந்தாச்சு. செல்வா, ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி பழைய ஸ்பீக்கரோட பின்பக்கத்த ஃபோட்டோ எடுத்து போடு. காந்தம் நல்லா இருந்து காயில் உரசாம இருந்தா பேப்பர் மட்டும் மாத்தித் தர்றவங்க இருக்காங்க, 10 ஓம்ஸ் தேடி அலைய வேணாம்.