சனிக்கிழமை விருந்தும் ஞாயிற்றுக்கிழமை மாரத்தானும்

தாம்பரம் அத்தை, காலை 8.10
அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நிச்சயதார்த்தம், ஏழரை மணிக்கு மேல் விருந்து என்று முன்பே சொல்லியிருந்தேன். சமையல்காரருக்கு இன்று மாலைக்குள் இலைக் கணக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எத்தனை பேர் சாப்பிடுவீர்கள் என்று தெரிவித்துவிடுங்கள்.

திருச்சி சித்தப்பா, காலை 8.24
நாங்கள் நான்கு பேரும் வருகிறோம் அக்கா.

நான், காலை 8.41
அத்தை, நாங்கள் மூவரும் மதியமே வந்துவிடுகிறோம். பூ, பழத்தட்டு எல்லாவற்றையும் அடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். தட்டு மாற்றி முடிக்கும் வரை கூடவே இருப்பேன். ஆனால் மறுநாள் அதிகாலை நான்கு மணிக்கு எனக்கு மாரத்தான் தொடங்குகிறது. அதனால் விருந்துக்கு நிற்காமல் ஏழு மணிக்கு நான் மட்டும் கிளம்ப வேண்டியிருக்கும். அவரும் பிள்ளையும் இருந்து சாப்பிட்டுவிட்டு வருவார்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு இலை போதும்.

தாம்பரம் அத்தை, காலை 8.55
இதைக் கேட்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. சம்பந்தி வீட்டார் முதன்முதலாக நம் வீட்டு மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். பெண்ணுக்கு அக்கா முறை ஆகிறவள் பந்தியில் இல்லையென்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? இரவு சாப்பிட்டுவிட்டுப் போய், காலையில் எழுந்து ஓடினால் ஆகாதா?

திருச்சி சித்தப்பா, காலை 9.02
அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது அம்மா. நீ முதல் பரிசுக்காக ஓடப்போவதில்லை. ஓடி முடித்தவர்கள் எல்லோருக்கும் பதக்கம் கொடுப்பார்கள் என்றுதான் கேள்விப்பட்டேன். மெதுவாக ஓடினாலும் அந்தப் பதக்கம் கிடைக்கத்தானே போகிறது? ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்துவிட்டுப் போவதால் என்ன குறைந்துவிடும்?

திருச்சி தம்பி, காலை 9.06
அக்கா, கல்லூரி ஆண்டு விழாவில் நானும் மாரத்தான் ஓடியிருக்கிறேன். முந்தைய இரவு நண்பர்களோடு வெகுநேரம் விழித்திருந்துவிட்டு, காலையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போய் ஐந்து கிலோமீட்டரை ஓடி முடித்துவிட்டேன். நீங்கள் தேவையில்லாமல் பயப்படுகிறீர்கள் என்று தோன்றுகிறது.

நான், காலை 9.48
தம்பி, நீ ஓடிய ஐந்து கிலோமீட்டரை நான் குறைத்துச் சொல்லவில்லை. பயிற்சி இல்லாமல் அதை ஓடி முடிப்பதும் எளிதல்ல. ஆனால் மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் அது. 1921இல் அதையே உலகம் முழுவதற்கும் நிலையான அளவாக வைத்துவிட்டார்கள். நீ ஓடியதைப் போல எட்டு மடங்குக்கும் மேல்.

சித்தப்பா, மெதுவாக ஓடினால் போதுமே என்று நீங்கள் அன்போடுதான் சொல்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் என்னை அதிகம் வருந்தவைப்பது அந்தப் பேச்சுதான். முதலில் வருகிறவர் இரண்டேகால் மணி நேரத்திலோ இரண்டரை மணி நேரத்திலோ, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டு நிழலில் உட்கார்ந்துவிடுவார். நான் 4 மணி நேரம் 45 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறேன். அதற்கு ஒவ்வொரு கிலோமீட்டரையும் 6 நிமிடம் 45 விநாடிக்குள் கடக்க வேண்டும். முதல் கிலோமீட்டரில் அது மிக எளிது. முப்பத்தைந்தாவது கிலோமீட்டரிலும் அதே வேகம் நிற்க வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜனவரியில் சென்னையில் ஆறரை மணியளவில் சூரியன் உதிக்கிறது. வேகமாக ஓடுகிறவர்கள் முடித்த பிறகும் நான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெயிலில், கடற்கரைச் சாலையின் ஈரக்காற்றில் ஓடிக்கொண்டிருப்பேன். அந்த ஈரக்காற்றில் வியர்வை கொட்டுமே தவிர உலராது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். உலராதபோது அதே வேகத்துக்கு இதயம் இன்னும் விரைவாகத் துடிக்க வேண்டியிருக்கிறது. மெதுவாக ஓடுகிறவர்கள் குறைவாக உழைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம், சித்தப்பா. நாங்கள் சாலையில் இருக்கும் நேரம் இரண்டு மடங்கு.

நான், காலை 9.57
விருந்தைத் தவிர்ப்பதற்கும் காரணம் இருக்கிறது அத்தை. ஓடும்போது நம் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். எனக்கு 60 கிலோ எடை என்பதால் முழுத் தூரத்துக்கும் சுமார் 2,500 கலோரி தேவை. தசையிலும் கல்லீரலிலும் உடம்பு சேர்த்துவைக்கும் மாவுச்சத்து 2,000 கலோரி அளவில்தான் இருக்கும். அதனால்தான் முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும், நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திடீரென்று கால் நகராமல் நின்றுவிடுகிறார்கள். முந்தைய நாள் முழுவதும் சோறு, இட்லி, இடியாப்பம் என்று எளிதில் செரிக்கும் உணவை நேரத்தோடு சாப்பிட்டு அந்தச் சேமிப்பை நிரப்பிக்கொள்ள வேண்டும். இரவு எட்டரை மணிக்கு எண்ணெயும் நெய்யும் பருப்பும் நிறைந்த விருந்தைச் சாப்பிட்டால், அதிகாலை நான்கு மணிக்கு அது வயிற்றிலேயே இருக்கும். பாதி வழியில் வயிறு புரட்டினால் ஒதுங்குவதற்குக்கூட எல்லா இடத்திலும் வசதி இருக்காது. நான் இரண்டு மணிக்கு எழுந்தால்தான் மூன்றரைக்கு அங்கே போய் நிற்க முடியும். எட்டு மணிக்காவது படுக்கைக்குப் போக வேண்டும்.

காரைக்குடி பெரியப்பா, காலை 10.30
எல்லாவற்றையும் படித்தேன். அந்தக் காலத்தில் நானும் உன் அப்பாவும் தினமும் போக வர எட்டு மைல் நடந்துதான் உயர்நிலைப் பள்ளிக்குப் போனோம். செருப்புக்கூடக் கிடையாது. அதற்கு யாரும் பதக்கம் கொடுக்கவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. இப்போது ஓடுவதற்குக் கட்டணம் கட்டுகிறீர்கள், அதற்கென்று விலை உயர்ந்த ஷூ வாங்குகிறீர்கள், கையில் ஒரு கடிகாரம் கட்டிக்கொள்கிறீர்கள். உடம்புக்கு நல்லது என்றால் காலையில் அரை மணி நேரம் நடந்தால் போதாதா? குறை சொல்வதாக நினைக்காதே, எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

நான், காலை 11.05
பெரியப்பா, நீங்கள் விளங்கவில்லை என்று கேட்டது எனக்கு ஆறுதலாக இருக்கிறது. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, எத்தனையாவதாக வந்தாய் என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

உடம்புக்கு மட்டும் என்றால் நீங்கள் சொல்லும் நடை தாராளமாகப் போதும். நான் இதில் இறங்கியது அதற்காக மட்டுமல்ல. நீங்கள் ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறீர்கள். மார்கழி பிறந்ததுமே குன்றக்குடி வரை நடந்து கால்களைப் பழக்கிக்கொள்கிறீர்கள். யாத்திரைக்கு முந்தைய நாள் யார் வீட்டு விசேஷமானாலும் வெளியில் கை நனைப்பதில்லை. நத்தம் தாண்டி, திண்டுக்கல் நெருங்கும்போது உள்ளங்காலில் கொப்புளம் உடைந்து, இனி முடியாது என்று தோன்றும் இடத்தைப் பற்றி நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறீர்கள். பழனிக்குப் பேருந்து ஓடுகிறதே என்று உங்களிடம் யாரும் சொல்வதில்லை. நான் ஓடுவது வழிபாடு அல்ல, அதையும் இதையும் சமமாக்கவும் மாட்டேன். ஆனால் உடம்பை அப்படி ஓர் இடத்துக்குக் கொண்டுபோக எவ்வளவு நாள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது இந்தக் குழுவில் வேறு எவரையும்விட உங்களுக்குத் தெரியும்.

ஒரு மாரத்தானுக்கு நான்கு மாதப் பயிற்சி தேவை. செப்டம்பரில் தொடங்கினேன். வாரத்தில் நான்கு நாள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் அலுவலகம் கிளம்புவதற்கும் முன்பாக ஓடி முடித்துவிடுவேன். ஞாயிறுதோறும் நீண்ட ஓட்டம். பதினாறு கிலோமீட்டரில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை குறைத்து, மறுபடி கூட்டி, முப்பத்திரண்டு வரை கொண்டுபோக வேண்டும். ஒரே அடியாகக் கூட்டினால் கணுக்காலோ முழங்காலோ போய்விடும். நடக்கும்போது ஏதாவது ஒரு கால் தரையிலேயே இருக்கும். ஓடும்போது இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பி, ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. முழுத் தூரத்துக்கும் அது நாற்பதாயிரம் முறைக்கும் மேல் நடக்கும். நல்ல ஷூ வாங்குவது அதற்காகத்தான் பெரியப்பா, ஆடம்பரத்துக்காக அல்ல. வடகிழக்குப் பருவமழையில் அந்த ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மின்விசிறிக்குக் கீழே வைத்து, மறுநாள் காலை ஈரம் போகாமலேயே மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன். இடது கால் பெருவிரல் நகம் கறுத்துப்போய்விட்டது. நீண்ட ஓட்டம் முடிந்து வீட்டுக்கு வரும்போது தொப்பியிலும் நெற்றியிலும் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருக்கும்.

இவ்வளவும் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நடப்பது அதன் கடைசி ஐந்து மணி நேரம்தான். அந்த ஐந்து மணி நேரத்தை ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக, மூன்று மணி நேரத் தூக்கத்தையும் இழந்து கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

உடற்கல்வி மாமா, காலை 11.40
முப்பது ஆண்டுகள் பள்ளி மைதானத்தில் நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நம் நாட்டின் ஷிவ்நாத் சிங் 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராவதாக வந்தார். எத்தனையாவது என்று மட்டும் கேட்கிறவர்களுக்கு அது தோல்வியாகத்தான் தெரியும். உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரர்கள் நடுவே அப்படி வருவது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஓடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதே மனிதர் 1978இல் ஜலந்தரில் மாரத்தானை 2 மணி நேரம் 12 நிமிடத்தில் ஓடினார். அந்த நேரத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எந்த இந்தியராலும் முறியடிக்க முடியவில்லை. இவ்வளவு பெரிய ஓட்டக்காரருக்கும் நம் வீட்டுப் பெண்ணுக்கும் ஒரே போட்டியில் ஒரே தூரம்தான், அரைக் கிலோமீட்டர்கூடக் குறைத்துத் தருவதில்லை. திருச்சி மாப்பிள்ளை, முடித்தவர்களுக்கெல்லாம் பதக்கம் என்கிறீர்கள். குறித்த நேரத்துக்குள் முடிக்காதவர்களுக்கு அது கிடையாது. ஓடுகிறவர் சட்டையில் குத்தியிருக்கும் எண் அட்டையில் உள்ள சிப் ஒவ்வோர் இடத்தையும் கடந்த நேரத்தைப் பதிவுசெய்துவிடும், நடுவில் ஆட்டோ ஏற முடியாது.

டாக்டர் அண்ணி, பகல் 12.15
வெளிநோயாளிகளைப் பார்த்து முடித்ததும்தான் படித்தேன். தூக்கம் குறைந்து, வயிறும் சரியில்லாமல் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடுவது ஆபத்து. நேரத்தோடு கிளம்புவதுதான் சரி. உனக்கும் ஒரு வார்த்தை: தாகம் எடுக்காதபோதும் வழியில் தண்ணீர் வைத்திருக்கும் ஒவ்வொரு மேசையிலும் குடித்துக்கொண்டே போகாதே. அளவுக்கு மீறினால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றலும் குழப்பமும் வரும், வலிப்பு வரைகூடப் போகலாம். உப்புக் கரைசலையும் சேர்த்துக்கொள். நெஞ்சில் ஏதாவது செய்தால் நேரத்தைப் பார்க்காமல் நின்றுவிடு.

நான், பகல் 12.22
அப்படியே செய்கிறேன் அண்ணி. கையில் உப்புக் கரைசல் பொட்டலங்களும், நாற்பது நிமிடத்துக்கு ஒன்றாக, ஓடிக்கொண்டே விழுங்கும் மாவுச்சத்து ஜெல்லும் வைத்திருக்கிறேன். பயிற்சியில் சாப்பிட்டுப் பழகியவை மட்டும்தான்.

தாம்பரம் அத்தை, பகல் 1.05
நான் சாப்பாட்டு வேலைக்கு நடுவே எல்லாவற்றையும் படித்தேன். ஓட்டம் என்றால் காலையில் பூங்காவில் ஓடுவார்களே, அதைக் கொஞ்சம் நீட்டிச் செய்வது என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். நான்கு மாதமாக நீ இப்படி இருக்கிறாய் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பந்தியில் நீ இல்லாதது எனக்குக் குறையாகத்தான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. நிச்சயதார்த்தத்துக்கு முன்பாகவே, ஐந்து மணிக்கு, உனக்குத் தனியாக எதையாவது செய்து வைக்கச் சொல்கிறேன். என்ன சாப்பிடலாம் என்று சொல்.

நான், பகல் 1.11
அத்தை, உங்கள் குறையில் நியாயம் இருக்கிறது. அதைப் போக்குவதற்கு மறுநாள் மாலை சம்பந்தி வீட்டுக்கு நானே பழத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஐந்து மணிக்கு இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், இல்லையென்றால் காரம் இல்லாத தயிர்சாதமும் போதும். வேறு எதுவும் வேண்டாம்.

திருச்சி சித்தப்பா, பகல் 1.30
ஞாயிறு காலை நாங்கள் சென்னையில்தான் இருப்போம் அம்மா. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு வந்து நின்றால் உன்னைப் பார்க்கலாம்?

நான், பகல் 1.36
கிழக்குக் கடற்கரைச் சாலையில் முப்பதாவது கிலோமீட்டருக்கு மேல் எங்கேயாவது நில்லுங்கள் சித்தப்பா, எனக்கு ஆள் தேவைப்படுவது அங்கேதான். நான்கு மணிக்குக் கிளம்பினால் ஏழரை மணியளவில் அந்த இடத்துக்கு வருவேன். அன்று சாலையின் ஒரு பகுதியை அடைத்திருப்பார்கள், காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டியிருக்கும். போட்டி வழியின் வரைபடத்தை இரவு இந்தக் குழுவில் போடுகிறேன்.